தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத இடத்தில் எந்தப் பூ? ஆவாரை, நித்தியகல்யாணி, செங்காந்தள்: ஓர் ஒப்பீடு

"ஊரில் வீடு கட்டியாச்சு. காம்பவுண்டு ஓரமாக நாலடி அகலத்துக்கு வெறும் மண் கிடக்கு. வாரத்தில் ஒருநாள்தான் போய் வருவோம். வெயிலுக்குக் கருகாமல், ஒருதரம் வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கிற பூச்செடியாக ஒன்று சொல்லுங்க."

போன வைகாசியில் மட்டும் இதே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மல்லிகை, ரோஜா எல்லாம் இவர்களுக்கு ஆகாது. தினமும் தண்ணீர் கேட்கும், ஆள் இல்லாத வீட்டில் சித்திரை தாண்டாது. அதனால் காட்டில் தானாக முளைக்கும் பூக்களின் பக்கம் பேச்சு திரும்புகிறது. கடைசியில் மூன்று பெயர்களில் வந்து நிற்கிறது: ஆவாரை, நித்தியகல்யாணி, செங்காந்தள். மூன்றையும் வைத்து, சிலவற்றைச் சாகவும் விட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். நான் இருப்பது கரூர் மாவட்டத்தில் அரவக்குறிச்சிப் பக்கம். முருங்கைக்குப் பேர்போன வறண்ட மண்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றையும் "வறட்சி தாங்கும்" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் தாங்குகிற விதம் வேறு வேறு. ஆவாரை வேரை ஆழத்துக்கு இறக்கி, மேலே எவ்வளவு காய்ந்தாலும் பச்சையாக நிற்கும். செங்காந்தள் வெயில் வருவதற்குள் தண்டு, இலை எல்லாவற்றையும் உதறிவிட்டு மண்ணுக்குள் கிழங்காகப் படுத்துக்கொள்ளும். நித்தியகல்யாணி கிடைத்த ஈரத்தில் காலம் தள்ளும். தாய்ச்செடி போனாலும் அது கொட்டிய விதை அடுத்த மழைக்கு முளைக்கும். பூவின் அழகைப் பார்த்து எடுக்கும் முடிவைவிட இதைப் பார்த்து எடுக்கும் முடிவு நிலைக்கும்.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் வருஷம் யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. வறட்சி தாங்கும் செடி என்றால் வைத்த நாள் முதலே தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். வேர் இறங்கும் வரை அதுவும் பச்சைப்பிள்ளைதான்.

இரண்டாவது, வாசலில் யார் நடமாடுகிறார்கள்? சின்னக் குழந்தைகள், மேய வரும் ஆடு, மண்ணைப் பறிக்கும் நாய் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த மூன்று செடிகளில் இரண்டு விஷம்.

மூன்றாவது, எந்த மாதத்தில் பூ வேண்டும்? வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகவா, இரண்டு மாதம் அள்ளிக் கொட்டினால் போதுமா?

அப்புறம் மண். மழை பெய்து இரண்டு நாள் கழித்தும் தண்ணீர் தேங்குகிற இடமா என்று பார்த்துவிடுங்கள். இந்தச் செடிகள் வெயிலில் சாவதைவிடத் தேங்கின தண்ணீரில் சாவதுதான் அதிகம். பணம் கடைசிக் கேள்வி. வாங்கும் விலை பெரிதில்லை, பின்னால் வரும் வேலைதான் செலவு.

ஆவாரை

வேலியோரத்திலும் ரோட்டோரத்திலும் மஞ்சளாகப் பூத்து நிற்பதுதான். தெலங்கானாவுக்கு மாநில மலர். அங்கே தங்கேடு என்பார்கள், பதுக்கம்மா பண்டிகையில் அடுக்குகிற பூக்களில் முக்கியமானது. எங்கள் கொங்குப் பக்கம் பொங்கலுக்கு முதல்நாள் காப்புக்கட்ட ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றும் சேர்ந்தால்தான் ஆச்சு. பட்டையைத் தோல் பதனிடவும், தழையை வயலில் மிதித்து உரமாக்கவும் பயன்படுத்தினார்கள். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று சர்க்கரை நோய்க்கு எல்லாரும் சொல்லும் பழமொழியை நான் வழிமொழியவில்லை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆவாரம்பூக் கஷாயத்தைத் தினசரி ஆக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

இதைக் கொண்டுவருவதில்தான் எல்லாரும் தோற்கிறார்கள். ரோட்டோரத்தில் இத்தனை நிற்கிறதே, ஒன்றைப் பிடுங்கி வைப்போம் என்று கடப்பாரை எடுத்துக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். முழங்கால் உயரச் செடிதான், இரண்டடி தோண்டியும் ஆணிவேர் முடியவில்லை. அறுத்து எடுத்து வந்து நட்டேன். மூன்றாம் நாள் இலை சுருண்டது, பத்தாம் நாள் விறகு. வெட்டிய குச்சியை நட்டாலும் லேசில் வேர் பிடிக்காது. விதைதான் வழி.

விதைக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. மெல்லிய தட்டைக் காய் பழுப்பாகக் காய்ந்ததும் பறித்து உடைத்தால் உள்ளே பத்துப் பதினைந்து விதை இருக்கும். வண்டு துளைத்ததை எடுத்துப் போட்டுவிடுங்கள். நல்ல விதையின் தோல் கெட்டி. அப்படியே விதைத்தால் சில விதை இந்த மழைக்கும் சில விதை அடுத்த வருஷமும் முளைக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைக் கொட்டி ராத்திரி முழுக்க விட்டால் காலையில் ஊறி உப்பிய விதைகள் தனியாகத் தெரியும். அவற்றை விதைக்கலாம். உப்பாதவற்றின் தோலை உப்புத்தாளில் ஓர் ஓரம் தேய்த்துவிட்டு மறுபடி ஊறப்போட வேண்டும். நேரடியாக நிற்கப்போகும் இடத்திலேயே விதைப்பது உத்தமம். பையில் வளர்த்தால் இரண்டு மூன்று மாதத்துக்குள் நட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் ஆணிவேர் பைக்குள் சுருண்டுகொள்ளும். வேர் சுருண்ட ஆவாரை ஆவாரையே இல்லை, ஆழத்துக்குப் போகிற அதன் ஒரே பலம் போய்விட்டது.

முதல் கோடை வரை வாரத்துக்கு ஒரு குடம். இரண்டாம் வருஷத்திலிருந்து நான் ஊற்றியதில்லை.

நர்சரியில் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மஞ்சளாகப் பூக்கிற அத்தனையையும் ஆவாரை என்று விற்கிறார்கள். ஒரு நர்சரியில் எனக்குக் கொடுத்த "ஆவாரை" இரண்டு வருஷத்தில் வீட்டுக் கூரையைத் தாண்டிய மரமாகிவிட்டது, பார்த்தால் ஏதோ ஒரு மஞ்சள் கொன்றை. அந்தச் சாதியில் சில நீலகிரிக் காடுகளில் பரவி, அவற்றை அகற்றவே வனத்துறை பாடுபடுகிறது. அடையாளம் சுலபம். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். ஆவாரையில் அங்கே பச்சையாக, அகலமாக, காதுமடல் போல ஒரு சின்ன இலை இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் தாவரவியல் பெயரில் உள்ள 'ஆரிகுலேட்டா' என்பதே காதைக் குறிப்பதுதான். மடல் இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மறைமுகச் செலவு கவாத்து. பூங்கொத்து கிளையின் நுனியில் வருவதால், வெட்டாமல் விட்டால் அடி மொட்டையாகவும் உச்சி மட்டும் மஞ்சளாகவும் போய்விடும். தை முடிந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் நிறையக் கிளை, நிறையப் பூ. நாலடிக் கீற்றில் வைத்தால் நடைபாதையை அடைத்துக்கொள்ளும் என்பதையும் யோசியுங்கள். ஒரு செடிக்கு ஐந்தடியாவது வேண்டும்.

சில மாதங்களில் பச்சைப் புழு வந்து இலையைத் தின்னும். வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாகப் பறக்குமே, அந்த வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுதான். மருந்து அடிக்க வேண்டாம், இலை திரும்ப வரும். காலை ஏழு மணிக்குப் பூவின் அருகில் நின்று கேட்டால் இன்னொன்று கிடைக்கும். கட்டை விரல் பருமனுக்கு ஒரு கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பை அதிர வைக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள துளை வழியாக, உப்புக் குப்பியிலிருந்து கொட்டுவது போல, அதிர்ந்தால்தான் கொட்டும். நம் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும்.

அவரைக் குடும்பம் என்பதால் வேரில் முடிச்சுப் போட்டு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று சிலர் சொல்வார்கள். ஆவாரை சேர்ந்த சென்னா இனத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. தழையை வெட்டிப் போட்டால் உரம், நிற்கிற செடியால் அப்படி ஒன்றும் இல்லை.

நித்தியகல்யாணி

பெயருக்கு ஏற்ற மாதிரி நித்தமும் பூக்கும். பூர்வீகம் மடகாஸ்கர். நம் ஊரில் சுவர் விரிசலிலும் கோயில் மதில் ஓரத்திலும் தானாக முளைத்து, நம்மூர்ச் செடியாகவே ஆகிவிட்டது. இலங்கையில் பட்டிப்பூ. இங்கே சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயர் உண்டு, அதனாலேயே வீட்டு முன்னால் வைக்க மாட்டேன் என்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பெரியம்மா அந்தக் கட்சி. "அதையெல்லாமா கண்ணு வாசல்ல வெப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, கொல்லையில் முளைத்ததைப் பறித்துத் தினமும் சாமிக்கு வைத்துக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டு வைத்தால் பிடுங்குகிற வேலை மிச்சம்.

வளர்ப்பது மிகச் சுலபம். கரிய பொடி விதை. மண்ணை லேசாக மேலே தூவி மூட வேண்டும், இருட்டில்தான் நன்றாக முளைக்கும். பத்து நாளில் முளை தெரியும், இரண்டரை மூன்று மாதத்தில் பூ. ஆழ்துளைக் கிணற்றில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் வருகிற வீடு, கடற்கரை மணல் ஆகிய இடங்களில் இந்த மூன்றில் முதலில் முயற்சி செய்ய வேண்டியது இதுதான். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதை வேருக்காகவும் இலைக்காகவும் பயிராகவே போட்டிருக்கிறார்கள். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் இந்தச் செடியிலிருந்து வந்தவை, குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் இருக்கிறது.

அதைக் கேட்டுவிட்டு இலையைப் பறித்து மெல்லுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மருந்து என்பது டன் கணக்கான இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்து, அளந்து, ஊசியில் ஏற்றுவது. பச்சை இலை விஷம். கசப்பாலும் பாலாலும் ஆடு மாடு தொடுவதில்லை, அது வேலி இல்லாத இடத்துக்கு வசதி.

இதன் எதிரி மழை. ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கினால் ஒரே வாரத்தில் தண்டு கருத்து, செடி தலைசாய்ந்துவிடும். கலர் கலராக நர்சரியில் பூத்த நிலையில் விற்கும் ஒட்டுரகங்கள் இதில் இன்னும் மோசம். ஒரு வருஷம் ஆசைப்பட்டு பன்னிரண்டு தொட்டி வாங்கினேன், கார்த்திகை தீபத்தன்று மிச்சம் இருந்தது இரண்டு. அவற்றின் விதையை எடுத்துப் போட்டாலும் அதே நிறம் வரும் என்று சொல்ல முடியாது. பழைய இளஞ்சிவப்பு, வெள்ளை இரண்டு நாட்டு வகைதான் காலத்துக்கும் நிற்கும்.

நிற்கும் என்றாலும் ஒரு செடி மூன்று வருஷத்தில் அடி கட்டையாகி, பூ சின்னதாகிவிடும். அதைப் பிடுங்கிவிட்டு, கீழே தானாக முளைத்த கன்றுக்கு இடம் கொடுக்க வேண்டும். அந்தக் கன்றுகள் நடைபாதைக் கல் இடுக்கில் எல்லாம் வரும். இதை இலவசம் என்று பார்க்கிறவர்களும் உண்டு, தொல்லை என்று பார்க்கிறவர்களும் உண்டு.

செங்காந்தள்

மூன்றில் அழகு இதுதான், சந்தேகமே இல்லை. மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து தொங்கும். விரியும்போது இதழ்கள் பின்னோக்கி மடங்கி, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் நுனியிலிருந்து சிவந்து, சில நாளில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் இந்த எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் தொங்கும். தமிழ்நாட்டின் மாநில மலர், ஜிம்பாப்வேயின் தேசிய மலர். ஈழத்தில் கார்த்திகைப்பூ. கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு, விவசாயிகள் வாயில் கண்வலிக்கிழங்கு.

எங்களுக்குப் பக்கத்தில் மூலனூர், ஒட்டன்சத்திரம் சுற்றி இது பணப்பயிர். விதைக்காகப் போடுகிறார்கள், விதையில் கோல்ச்சிசின் என்ற மருந்துப்பொருள் இருக்கிறது. சூலகத்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தைவிட்டு விலகி நிற்பதால், காலை வேளையில் ஆள் வைத்துப் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். வீட்டில் பூவுக்காக வைக்கிறவர்களுக்கு அந்த வேலை கிடையாது.

விதையிலிருந்து வளர்த்தால் பூப் பார்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதனால் கிழங்குதான் வாங்க வேண்டும். கிலோ சில நூறு ரூபாய். ஐம்பது அறுபது கிராமுக்குக் குறையாத கிழங்காக, கவட்டையின் நுனியில் மொட்டு பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஒரு கவைக்கு ஒரே ஒரு மொட்டுதான், உடைந்தால் அந்தக் கவை வெறும் மாவு. நான் முதல்முறை வாங்கிய ஐந்தில் இரண்டின் நுனியைப் பையில் போட்டுக் கொண்டுவரும்போதே உடைத்துவிட்டேன். இப்போது செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றித்தான் எடுத்து வருகிறேன். மலையிலிருந்து தோண்டி வருவதாக யாராவது சொன்னால் வாங்காதீர்கள். காப்புக்காட்டில் தோண்டுவது குற்றம், அங்கே இந்தக் கொடி ஏற்கெனவே குறைந்துகொண்டு வருகிறது.

ஆடியில் நடவு. செம்மண், மணல் கலந்த மேட்டுப் பாத்தி, அரை அடி ஆழம். மழையில் முளைத்து, புரட்டாசி ஐப்பசியில் பூத்து, தைக்குள் காய் முற்றிக் கொடி காய்ந்துவிடும். அதற்குப் பிறகு ஆடி வரை தண்ணீரே வேண்டாம், ஊற்றினால்தான் அழுகும். கோடையில் ஊரில் இல்லாதவர்களுக்கு இதைவிடத் தோதான செடி கிடையாது. ஆனால் வளரும் நாலைந்து மாதம் மழை தவறினால் வாரம் இரண்டு தண்ணீர் வேண்டும். கோடையைத் தூங்கியே கடத்துகிற இந்தச் செடி, வளரும் பருவத்தில் மூன்றிலும் அதிகம் கேட்கும்.

இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு எதையாவது பிடித்து ஏறும். பந்தலோ கம்பி வலையோ வேண்டும். தோட்டக்காரர்கள் முள்கிளுவையை நட்டு அதன்மேல் ஏற்றுகிறார்கள், கிளுவையும் வறட்சி தாங்கும் என்பதால் பொருத்தமான ஜோடி. கறுப்பில் புள்ளிகளோடு ஒரு புழு வந்து இலையை ஒரே இரவில் மொட்டையாக்கும். காலையில் கையால் பொறுக்கி எறிய வேண்டியதுதான். வாரம் ஒருநாள் வருகிறவருக்கு இது சிக்கல்.

பெரிய சிக்கல் விஷம். செடி முழுக்க விஷம், கிழங்கில் அதிகம். சர்க்கரைவள்ளி போன்ற கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிர்போன சம்பவங்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நடந்திருக்கின்றன. சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது, பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, அதற்கப்புறம் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாக. கையோடு போட முறிவு மருந்து கிடையாது. தவழ்கிற, நடக்கப் பழகுகிற குழந்தை இருக்கும் வீட்டில், மண்ணைத் தோண்டும் நாய் உள்ள வீட்டில் வைக்காதீர்கள். கொடி காய்ந்த ஆறு மாதம் கிழங்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அங்கேதான் யாராவது மஞ்சள் கிழங்கு நடத் தோண்டுவார்கள். நான் நாலு மூலையிலும் கல் நட்டு வைத்திருக்கிறேன்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | ஆவாரை | நித்தியகல்யாணி | செங்காந்தள் |
|---|---|---|---|
| வடிவம் | ஆளுயரப் புதர் | முழங்கால் முதல் இடுப்பு உயரம் | பத்தடி வரை ஏறும் கொடி |
| எதிலிருந்து | வெந்நீரில் ஊறிய விதை | விதை | கிழங்கு |
| முதல் வருஷத் தண்ணீர் | வாரம் ஒரு குடம் | வாரம் ஒருமுறை | வளரும் பருவத்தில் வாரம் இரண்டு |
| பிறகு | மழை போதும் | கடுங்கோடையில் எப்போதாவது | பருவத்தில் மட்டும், கோடையில் கூடாது |
| பூ | மழைக்குப் பின் அதிகம், தையில் உச்சம் | வருஷம் முழுக்க | புரட்டாசி, ஐப்பசி |
| விஷம் | பூவைச் சமைத்துச் சாப்பிடுகிறோம் | உண்டு | கடுமையானது |
| ஆடு மாடு | அவ்வளவாக வாய் வைக்காது | தொடாது | வேலி அவசியம் |
| வருஷ வேலை | ஒரு கவாத்து | பழசைப் பிடுங்குதல் | பந்தல், புழு பொறுக்குதல் |
| எதில் சாகும் | இடம்மாற்றி நட்டால் | அடைமழையில் | தேங்கிய நீரில் |

எந்த வீட்டுக்கு எது

இடம் பெரிது, ஆள் இல்லை, வேலியும் சரியில்லை என்றால் ஆவாரை. யோசிக்கவே வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் இதுதான். கரிசல் மண்ணிலும் வரும்.

இடம் இரண்டடிதான், அல்லது மாடியில் தொட்டி, அல்லது தினமும் சாமிக்கு நாலு பூ வேண்டும் என்றால் நித்தியகல்யாணி. தொட்டியில் ஆவாரையை வைத்து வதைக்காதீர்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது சரி, போகும்போது ஒரு காகிதத்தில் விதையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

வீட்டில் எல்லாரும் பெரியவர்கள், தண்ணீர் தேங்காத செம்மண், மழைக்கால நாலு மாதம் ஊரில் இருப்பீர்கள், ஏற்ற ஒரு கம்பி வேலி இருக்கிறது என்றால் செங்காந்தள் வையுங்கள். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பேன்.

உண்ணிச்செடியும் வறட்சி தாங்குமே, கலர் கலராகப் பூக்குமே என்று ஒருவர் கேட்டார். நம் காடுகளை அடைத்துக்கொண்டிருக்கும் அமெரிக்கச் செடி அது. வீட்டில் வேறு வளர்க்க வேண்டாம். எருக்கும் செம்முள்ளியும் நல்ல மாற்றுதான், ஆனால் முதலாவதின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, இரண்டாவதில் முள். வேலியோரத்துக்கு ஆகும், வாசலுக்கு ஆகாது.

போன வைகாசியில் கேட்ட மூவரில், காம்பவுண்டு ஓரம் நாலடி என்று சொன்னவர் ஒரு சமரசத்துக்கு வந்தார். வீட்டுக்குப் பின்னால் அகலம் கிடைத்த மூலையில் இரண்டு ஆவாரை, வாசல் பக்கக் கீற்று முழுக்க வெள்ளை நித்தியகல்யாணி. பேத்திக்கு இரண்டு வயது என்பதால் நித்தியகல்யாணிக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு வலை கட்டியிருக்கிறார். செங்காந்தள் ஆசையை அவர் விடவில்லை. பேத்தி பள்ளிக்கூடம் போகட்டும், அப்போது பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.